ஸ்டோரேஜ் வாட்டர் ஹீட்டர் பராமரிப்பு: எதை முதலில், எதை அடுத்து

குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 25 லிட்டர் தொட்டி ஒன்று கண்ணில் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வெந்நீர் ஒழுங்காக வரும் வரைக்கும் வீட்டில் யாருக்கும் அதன் ஞாபகம் வராது. இந்த வழிகாட்டி அந்தத் தொட்டிக்கானது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் கொண்டோவிலும் இருக்கும் மின்சார ஸ்டோரேஜ் ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எரிவாயு ஹீட்டர் வேறு வகை. அதை அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஹீட்டருக்குள் மின்சாரம், சூடு, அழுத்தம், தண்ணீர் என்று நான்கு இருக்கின்றன. நிறுத்தும்போது இதே வரிசையில் நிறுத்த வேண்டும். திரும்பக் கொடுக்கும்போது தண்ணீரில் தொடங்கி மின்சாரத்தில் முடிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஆண்டுக்கு ஒரு முறை போதும். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு செய்துவிடுவது நல்லது. எண்ணெய்க் குளியலன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது ஹீட்டர் கைவிட்டால், அன்றைக்கு ஆள் கிடைப்பது கடினம்.

1. எது உங்கள் வேலை, எது இல்லை

கண்ணால் பார்ப்பது, ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சோதிப்பது, சேஃப்டி வால்வின் (அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் வால்வு) நெம்புகோலைத் தூக்கிப் பார்ப்பது, தொட்டியை வடித்துக் கழுவுவது, வெளியே இருக்கும் வெப்பநிலைத் திருகியைச் சரிசெய்வது: இவ்வளவும் வீட்டுக்காரர் செய்யலாம்.

ஹீட்டரின் மின்சார மூடியைத் திறப்பதும் ஒயரைத் தொடுவதும் உங்கள் வேலை இல்லை. அதற்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்ஊழியர் வேண்டும். வால்வை மாற்றுவது, குழாயை மாற்றுவது, தொட்டியையே மாற்றுவது எல்லாம் தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபியின் உரிமம் பெற்ற பிளம்பரின் வேலை. வருபவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. முறையாகத் தொழில் செய்கிறவர் தயங்காமல் காட்டுவார்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும்.

2. தொடங்குவதற்கு முன்னால்

நான்கு இடங்களை முதலில் கண்டுபிடியுங்கள். ஒன்று, டிபி பெட்டி, அதாவது வீட்டின் மின்விநியோகப் பெட்டி. பெரும்பாலும் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு, குளியலறைக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்ச். மூன்று, ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் இருக்கும் வால்வு. நான்கு, வீட்டுக்கே தண்ணீர் வரும் மெயின் வால்வு. வீவக வீட்டில் வாசலுக்கு வெளியே, தண்ணீர் மீட்டர் பக்கத்தில் இருக்கும்.

ஹீட்டர் வால்வு பல ஆண்டுகளாகத் திருப்பப்படாமல் இருந்தால் இறுகிப் போயிருக்கும். பலம் போட்டுத் திருப்பினால் தண்டுப் பக்கத்தில் ஒழுக ஆரம்பிக்கும். கால் சுற்று திருப்பி, பின்னுக்கு வந்து, மறுபடி கால் சுற்று என்று மெதுவாகப் போங்கள். அசையவே இல்லையென்றால் விட்டுவிட்டு மெயின் வால்வை மூடுங்கள். இதனால்தான் இந்த வேலையை ஞாயிறு இரவில் தொடங்கக் கூடாது என்கிறேன். வார நாளில், பகலில் தொடங்கினால் ஏதாவது ஒழுகினாலும் பிளம்பரைக் கூப்பிட முடியும்.

மின்தூக்கிக் கூடத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் ஒரு தடவை பாருங்கள். அன்றைக்குக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறார்கள் என்றால் வேலையை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். தொட்டி கழுவிய கையோடு வரும் தண்ணீர் சில சமயம் கலங்கலாக இருக்கும். அதைக் கொண்டுபோய், கழுவிச் சுத்தமாக்கிய ஹீட்டரில் நிரப்பினால் பட்ட பாடு வீண்.

கையில் இருக்க வேண்டியவை: ஆடாத ஏணி, டார்ச், இரண்டு வாளி, பழைய துணி, சமையலறைத் தெர்மாமீட்டர், வடிகால் வாயில் பொருந்தும் ரப்பர் குழாய் ஒரு துண்டு. ஏணியைப் பிடிக்க இன்னொருவரும் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கின் திறப்புப் பலகையை நகர்த்தும்போது இரண்டு கையும் மேலே போய்விடும். அந்த நேரம் ஏணி ஆடினால் பிடிக்க எதுவும் இருக்காது.

கடைசியாக, ஹீட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைக் கைப்பேசியில் படம் எடுங்கள். மாடல் எண், லிட்டர், கிலோவாட், அதிகபட்ச அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் உதிரிபாகம் வாங்கவோ ஆளைக் கூப்பிடவோ இந்தப் படம் ஒன்றே போதும். பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் விற்கும் வாட்டர் ஹீட்டருக்கு அது கட்டாயம்.

3. ஆர்சிசிபியை முதலில் சோதியுங்கள்

தண்ணீரும் மின்சாரமும் ஒரே தொட்டிக்குள் இருக்கின்றன. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உலோகக் கூட்டில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். அதைக் கண்டுபிடித்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்சிசிபி. வீட்டில் இருப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டிக்கும் வகை. அது வேலை செய்கிறதா என்று தெரியாமல் மற்ற எதையும் தொடக் கூடாது. முதல் படியாக இதை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் முறையாக அணைத்துவிட்டு, டிபி பெட்டியில் 'டி' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். நெம்புகோல் டக்கென்று கீழே விழுந்து வீடு முழுக்க மின்சாரம் போக வேண்டும். போனால் நல்லது, திரும்பத் தூக்கிவிடுங்கள். போகவில்லையென்றால் இன்றைய வேலை இதோடு நின்றது. மின்ஊழியரை அழையுங்கள். மாதம் ஒரு முறை இந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்ல வழக்கம்.

1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கும். அதற்கு முந்தைய வீடுகளுக்கு 2023 ஜூலை 1 முதல் சட்டம் அதைக் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது. பழைய பேட்டையில் மறுவிற்பனை வீடு வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. மின்சாரத்தை இரண்டு இடத்தில் நிறுத்துங்கள்

ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். அப்புறம் டிபி பெட்டியில் ஹீட்டருக்கான எம்சிபியையும் (அந்த ஒரு மின்சுற்றை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்குங்கள். எந்த எம்சிபி என்று எழுதி ஒட்டவில்லையென்றால், சுவிட்சைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். சுவிட்சிலுள்ள சிவப்பு விளக்கு எப்போது அணைகிறதோ அதுதான். இப்போதே பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டு இடம் எதற்கு? எம்சிபி பொதுவாக லைவ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். ஹீட்டர் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். அதனால் சுவிட்சுதான் ஹீட்டரை முழுதாகப் பிரித்து வைக்கிறது. ஆனால் சுவிட்ச் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. "அப்பா குளிக்கப் போறார்" என்று அம்மா பழக்கத்தில் சுவிட்சைப் போட்டுவிடுவார். தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் அது நடந்தால் எலிமென்ட் கருகிவிடும். சுவிட்சின் மேல் ஒரு டேப்பை ஒட்டி, 'போடாதீர்கள்' என்று எழுதி வையுங்கள்.

சுவிட்சை அணைக்கும்போதே அதையும் கவனியுங்கள். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருந்தால்கூட அந்த இடம் சூடாகும். வெள்ளைத் தகடு ஓரமாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தாலும், ஹீட்டர் ஓடும்போது தொட்டால் சுட்டாலும், கருகிய வாடை வந்தாலும் அந்தச் சுவிட்சை மாற்றியே ஆக வேண்டும். தள்ளிப் போடுகிற விஷயம் இல்லை இது.

5. சூட்டை ஆற்றுங்கள்

சுவிட்சை அணைத்த உடனே தொட்டி ஆறிவிடாது. காப்பு நுரை சுற்றியிருப்பதால் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். மாலையில் சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் காலை வேலையைத் தொடங்குவது சுலபம். அவசரம் என்றால் வெந்நீர்க் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வரும் வரை ஓட விடுங்கள். வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் சேஃப்டி வால்வைத் திறக்கும் ஏழாவது படியில் முகத்துக்கு நேரே வெந்நீரை வாங்குவார்கள்.

6. கண்ணால் பாருங்கள்

திறப்புப் பலகையை நகர்த்தி, டார்ச் அடித்து, கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள். இன்னும் எதையும் திருப்ப வேண்டாம்.

தாங்கு சட்டம்: 25 லிட்டர் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, தொட்டியின் எடை தனி. கொக்கியும் சுவர் போல்ட்டும் துருப்பிடித்திருக்கின்றனவா, சுவரில் விரிசல் ஓடுகிறதா, தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் பலகை அந்த எடையைத் தாங்காது. சந்தேகம் வந்தால் அதன் கீழே நின்று குளிப்பதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பின்னல் குழாய்கள்: எஃகு இழை பின்னிய வளையும் குழாய் இருந்தால், இரண்டு முனைகளிலும் உள்ள வளையத்தைப் பாருங்கள். நடுவில் பளபளப்பாக இருக்கும். முனையில் ஓர் இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைதான் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் ரப்பரைத் தாங்கும் பின்னல் விட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஒழுகவில்லையே என்று விடாதீர்கள். இந்தக் குழாய் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகாது. ஒரே நாளில் வெடித்து வீட்டை நனைத்துவிடும்.

மூட்டுகள்: பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருந்தால் அங்கே மெல்லக் கசிந்து காய்கிறது. துணியால் துடைத்துவிட்டு நாளை பாருங்கள்.

ஈரம்: ஃபால்ஸ் சீலிங் பலகையில் வட்டமாகக் கறை இருந்தால் உடனே ஹீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஹீட்டருக்குப் போகும் வால்வை ஓரிரு நாள் மூடி வையுங்கள். கறை வளர்வது நின்றால் ஹீட்டர். தொடர்ந்தால் மேல்வீட்டுத் தரையிலிருந்து வரலாம். வீவக வீடுகளில் அதைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இருவரின் கூட்டுப் பொறுப்பு.

சொட்டுத் தட்டு: தொட்டிக்குக் கீழே தட்டு வைத்து, அதில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் உடனே கொட்டுங்கள். இருட்டில் தேங்கிய நல்ல தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

7. சேஃப்டி வால்வு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் கூடுகிறது. தொட்டியில் அதற்கு இடமில்லை. குளிர்நீர்ப் பக்கம் திரும்பிப் போகவும் முடியாது, திரும்பாமல் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. எனவே அந்தக் கூடுதல் தண்ணீர் சேஃப்டி வால்வின் சிறு வாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறும். ஹீட்டர் ஓடும்போது சொட்டி, நின்றபின் சொட்டும் நின்றால் வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

புதியவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். "அண்ணே, வால்வு ஒழுகுது, அடைச்சிரலாமா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டபோது போய்ப் பார்த்தேன். சொட்டு விழும் வாயில் ஏற்கெனவே துணியைத் திணித்து மேலே டேப்பைச் சுற்றியிருந்தார். நல்லவேளை, அடைப்பு முழுதாக இல்லை. அந்த வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். அதன் வடிகால் குழாயில் இன்னொரு திருகியோ வால்வோ போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹீட்டருக்கு மூன்று காவல்கள் இருக்கின்றன. தெர்மோஸ்டாட் குறித்த சூட்டில் நிறுத்தும். அது பழுதாகி ஒட்டிக்கொண்டால் கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதுவும் தவறினால் கடைசியாக நிற்பது சேஃப்டி வால்வு. மூன்றும் போனால் அடைத்த தொட்டிக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். தொட்டி விரிசல் விட்ட நொடியில் அந்த நீரின் ஒரு பங்கு ஆவியாக மாறும். ஆவி தண்ணீரைப் போல 1,600 மடங்கு இடம் கேட்கும். சுவரை உடைக்க அது போதும்.

சோதிக்கும் முறை: ஹீட்டர் ஆறியிருக்கிறது, குளிர்நீர் வால்வு திறந்திருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். வடிகால் வாய்க்குக் கீழே வாளியை வையுங்கள். நெம்புகோலை முழுதாகத் தூக்கி இரண்டு மூன்று நொடி பிடியுங்கள். தண்ணீர் நன்றாகப் பீய்ச்ச வேண்டும். விட்டதும் சுத்தமாக நிற்க வேண்டும்.

தண்ணீரே வரவில்லை, அல்லது நெம்புகோல் அசையவில்லை என்றால் வால்வு இறுகிவிட்டது. மாற்றும் வரை ஹீட்டரைப் போடக் கூடாது.

விட்டபின்னும் சொட்டினால், உள்ளே மணல் துகள் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். நெம்புகோலை நான்கைந்து முறை தூக்கித் தூக்கி விடுங்கள். பெரும்பாலும் துகள் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் நிற்கவில்லை, ஹீட்டர் ஆறியிருக்கும்போதும் இரவெல்லாம் சொட்டுகிறது என்றால், வால்வு தேய்ந்திருக்கும் அல்லது வீட்டுக்கு வரும் நீரின் அழுத்தமே அதிகமாக இருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் கட்டடத்தில் கீழ்த்தள வீடுகளில் இது சகஜம். பிளம்பர் அழுத்தத்தை அளந்து, தேவையென்றால் அழுத்தம் குறைக்கும் வால்வு போடுவார்.

புது வால்வு வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 0.7 எம்பிஏ (மெகாபாஸ்கல்) என்றால் 7 பார். அதே எண்தான் வேண்டும். "இது இன்னும் ஸ்ட்ராங், ஒழுகாது" என்று கூடுதல் எண்ணுள்ள வால்வைக் கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். தொட்டி தாங்குவதைவிட அதிக அழுத்தத்தில் திறக்கும் வால்வு இருந்தும் பயனில்லை. ஐந்து ஆண்டு ஆன வால்வை, சோதனையில் தேறினாலும், நான் மாற்றத்தான் சொல்வேன். ஹீட்டரின் விலையோடு பார்த்தால் அதன் விலை மிகச் சிறியது.

வடிகால் குழாய் கீழ்நோக்கியே இறங்கி, குளியலறைத் தரை வடிகாலுக்கு வர வேண்டும். பாதியில் வெட்டி ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளேயே விட்டிருந்தால் பிளம்பரை வைத்து நீட்டிவிடுங்கள்.

8. வடித்துக் கழுவுங்கள்

சிங்கப்பூர்க் குழாய்நீரில் சுண்ணாம்பு வேகமாகப் படிவதில்லை. அதனால் ஆண்டுதோறும் கழுவியே ஆக வேண்டும் என்று பயமுறுத்த மாட்டேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சூடாகும்போது தொட்டியிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால், வெந்நீரில் மட்டும் பழுப்புத் தூள் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

முதலில் குளிர்நீர் வால்வை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றுவிடும். தொட்டி காலியாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். தொட்டி அப்படியே நிறைந்துதான் இருக்கிறது. அழுத்தம் மட்டும்தான் போயிருக்கிறது.

வெந்நீர்க் குழாயைத் திறந்தபடியே விட்டு, தனி வடிகால் திருகி இருந்தால் அதைத் திறங்கள். இல்லையென்றால் சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கி வையுங்கள். மேலே காற்று போனால்தான் கீழே தண்ணீர் இறங்கும். வெந்நீர்க் குழாயை மூடிவிட்டு, "வரவே இல்லையே" என்று வால்வோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாளிகளை மாற்றி மாற்றி வையுங்கள், 25 லிட்டருக்குச் சிறிது நேரம் பிடிக்கும்.

வடிந்ததும் நெம்புகோலை இறக்கி, குளிர்நீர் வால்வை அரை நிமிடம் திறந்து மூடுங்கள். உள்ளே பாயும் தண்ணீர் அடியில் கிடக்கும் படிவைக் கலக்கும். மறுபடி வடியுங்கள். வாளியில் விழும் தண்ணீர் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நெம்புகோலைத் தூக்கிய நிலையிலேயே குளிர்நீரைத் திறந்து வைத்தால், வரும் தண்ணீரில் பெரும்பகுதி தொட்டிக்குள் போகாமல் வால்வு வழியாகவே வெளியே ஓடிவிடும். படிவு அசையாது.

9. மூடியைத் திறக்கும் வேலை: பக்கத்தில் நின்று எதைக் கேட்பது

இதை ஆள் வைத்துச் செய்ய வேண்டும். ஆனால் எதைப் பார்க்கச் சொல்வது என்று தெரிந்திருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும்.

எனாமல் பூசிய இரும்புத் தொட்டி என்றால் உள்ளே மெக்னீசியம் அனோடு கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது அரித்துக் கரையும். கரைந்து தீர்ந்தபின் அரிப்பு தொட்டிக்குப் போகும். தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு என்பதால் அனோடு நிலைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிக்கும் மேல் கரைந்து, நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். பல ஹீட்டர்கள் ஒழுகித் தூக்கிப் போடப்படுவது அனோடை யாரும் பார்க்காததால்தான்.

அதே நேரம் எலிமென்ட்டின் படிவைத் துடைத்து, கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மூடியைத் திறந்தால் கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும். அழுத்தப்பட்டுத் தட்டையான பழைய கேஸ்கட் மறுபடி சரியாக உட்காராது. புறப்படும் முன் மின் இணைப்புத் திருகாணிகளை இறுக்கச் சொல்லுங்கள், எர்த் ஒயர் திரும்ப மாட்டப்பட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

10. தண்ணீர் முதலில், மின்சாரம் கடைசியில்

வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். குளிர்நீர் வால்வை மெதுவாகத் திறங்கள். குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் தண்ணீரும் காற்றுமாகத் துப்பும், பிறகு சீராக ஓடும். சீராக ஓடத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் ஓட விட்டு, பிறகுதான் குழாயை மூட வேண்டும். அதற்கு முன் மூடினால் தொட்டியின் மேற்பகுதியில் காற்று தங்கிவிடும்.

மூட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் பொறுத்து, காகிதக் கைக்குட்டையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரியும்.

எல்லாம் உலர்ந்திருந்தால் எம்சிபியைத் தூக்கி, டேப்பைப் பிரித்து, சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் சூழாத எலிமென்ட் நிமிடங்களில் வெந்து போகும், அதனால்தான் மின்சாரத்தைக் கடைசியில் வைக்கிறோம்.

சூடாக எவ்வளவு நேரம்? 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.93 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் என்றால் 20 நிமிடம், 1.5 கிலோவாட் என்றால் 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதே சூட்டுக்கு நேரம் அதிகமாகப் பிடித்தால் எலிமென்ட்டில் ஏதோ கோளாறு.

விளக்குகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுவர் சுவிட்சிலுள்ள விளக்கு மின்சாரம் போகிறது என்று மட்டும் சொல்லும், சூடானபின்னும் எரியும். ஹீட்டர் உடம்பில் இருக்கும் விளக்குதான் சூடானதும் அணையும். சுவர் விளக்கு அணையட்டும் என்று காத்திருந்தால் அது அணையவே அணையாது.

11. எத்தனை டிகிரியில் வைப்பது

என் பரிந்துரை 60 டிகிரி. மின்சாரம் மிச்சம் என்று 45-இல் வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் 20 முதல் 45 டிகிரி வரையான தண்ணீரில், நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும். 60-இல் அது பிழைக்காது. இன்னொரு காரணமும் இருக்கிறது. 60 டிகிரியிலுள்ள 25 லிட்டர், பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக் குளியல் நீராக 65 லிட்டர் அளவுக்குத் தரும். 45-இல் வைத்தால் 35 லிட்டர்தான். இரண்டாவது ஆள் குளிக்கும்போதே தண்ணீர் ஆறிவிடும்.

மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டு, குளித்தபின் அணையுங்கள். நாளெல்லாம் போட்டு வைத்தால் சும்மா இருக்கும் தொட்டி ஆறுவதற்கும் மறுபடி சூடாவதற்கும் காசு போகும்.

60 டிகிரி நீர் பெரியவர்கள் தோலையே ஐந்து நொடியில் வேகவைத்துவிடும். குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. வீட்டில் கைக்குழந்தையோ பாட்டி தாத்தாவோ இருந்தால், வெப்பநிலையைத் தானே கலந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சர் குழாயைப் பொருத்துங்கள். வாளியில் பிடிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் என்பதை எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.

தெர்மாமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, முதலில் தேங்கியிருக்கும் தண்ணீரை விட்டுவிட்டு, ஒரு கோப்பையில் பிடித்து அளக்க வேண்டும். திருகியில் 60 என்று இருந்தும் 75 காட்டினால் தெர்மோஸ்டாட் சரியில்லை, ஆளைக் கூப்பிடுங்கள்.

12. கோளாறு வந்தால் எங்கிருந்து தொடங்குவது

ஹீட்டரைப் போட்டதும் வீடே இருட்டாகிறது: ஆர்சிசிபி விழுந்திருக்கிறது. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். அது விழாமல் நின்றால் ஹீட்டரில்தான் கசிவு. எம்சிபியை மட்டும் இறக்கிச் சோதித்தால் குழப்பம் வரும், நியூட்ரல் வழியான கசிவு அப்போதும் ஆர்சிசிபியை விழ வைக்கலாம். சிலர் மூன்று நான்கு முறை தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். வேண்டாம். அது விழுவது உயிரைக் காப்பதற்கு. எலிமென்ட்டை மாற்றும் வரை ஹீட்டர் அணைந்தே இருக்கட்டும்.

விளக்கு எரிகிறது, சூடாகவில்லை: கட்-அவுட் விழுந்திருக்கலாம் அல்லது எலிமென்ட் அறுந்திருக்கலாம். கட்-அவுட்டை அழுத்தி மீட்கும் பொத்தான் மூடிக்குள் இருக்கும். வருகிறவர் அதை அழுத்திவிட்டு மட்டும் போக விடாதீர்கள். ஏன் விழுந்தது என்று கேளுங்கள்.

சூடாகிறது, சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது: மிக்சர் குழாயில் குளிர்நீர் உள்ளுக்குள்ளேயே வெந்நீர்ப் பக்கம் கசியலாம். ஹீட்டரின் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு வெந்நீரைத் திறங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் குறை மிக்சரில்.

வெந்நீரில் அழுகிய முட்டை வாடை: மெக்னீசியம் அனோடும் ஒரு வகை பாக்டீரியாவும் சேர்ந்து செய்வது. பல நாள் பயன்படுத்தாமல் கிடந்த தொட்டியில் வரும். முழுதாகச் சூடாக்கி, ஒரு மணி நேரம் விட்டு, கவனமாக வெளியேற்றுங்கள்.

தொட்டியின் உடம்பிலிருந்தே தண்ணீர்: இதற்குச் சிகிச்சை இல்லை. ஒட்டுப் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்சாரம், தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிட்டு வேறு ஹீட்டர் வாங்குங்கள்.

13. ஊருக்குப் போகும்போதும் வந்தபிறகும்

திருச்சிக்கோ ஈப்போவுக்கோ இரண்டு வாரம் போகிறீர்கள் என்றால் ஹீட்டர் சுவிட்சை அணைத்து, குளிர்நீர் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள். ஆளில்லாத வீட்டில் பின்னல் குழாய் வெடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை யாருக்கும் தெரியாது.

திரும்பி வந்த களைப்பில் நேராக ஷவருக்குள் போக வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் தூவலாகத் தெறித்தால் மூச்சோடு உள்ளே போகும். லீஜியோனெல்லா தொற்றுவது அந்த வழியில்தான். முதலில் குளிர்நீர் வால்வைத் திறந்து, ஷவர் தலையைக் கழற்றியோ வாளிக்குள் தாழ்த்தியோ, குளிர்நீரையும் வெந்நீரையும் சில நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் ஹீட்டரைப் போட்டு 60 டிகிரிக்குப் போக விட்டு, ஹீட்டர் விளக்கு அணைந்தபின் குளியுங்கள்.